கடைசி மேசை மூக்கு

அருவருப்பும் ஒரு திறமைதான். அதற்குச் சம்பளம் தருகிற இடங்கள்தான் குறைவு. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துத் தரும் அந்த லாண்டரியில் ஒருத்தி இருபத்திரண்டு வருடமாக அந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டிருந்தாள். துவைத்து, பிழிந்து, உலர்த்தி, இஸ்திரி உருளையில் விட்டு, மடித்து அடுக்கிய துணியெல்லாம் கடைசியாக அவள் மேசைக்கு வரும். ஒவ்வோர் அடுக்கின் நடுவிலிருந்தும் ஒன்றை உருவி, மூக்கருகே கொண்டுபோய், ஒரு நொடி கண்ணை மூடுவாள். முகம் சுளிக்காவிட்டால் அடுக்கு ட்ராலியில் ஏறும். சுளித்தால் மறுபடி குளிக்கப் போகும். ட்ராலிச் சீட்டில் அவள் கையெழுத்து விழாமல் வண்டி கிளம்பாது. எதிரில் எல்லோருக்கும் அக்கா, முதுகுக்குப் பின்னால் மூக்கு. நாளடைவில் இரண்டும் ஒட்டிக்கொண்டு மூக்கக்கா ஆகிவிட்டாள்.

வேலைக்கு வெளியிலும் அந்த மூக்கு ஓய்வெடுத்ததில்லை. அடுத்தவர் டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டாள். பஸ் கம்பியைக் கைக்குட்டையோடுதான் பிடிப்பாள். கல்யாணத்துக்குக் கேட்டு வந்த மூன்று பேரை வாசனைக்காகவே தட்டிக்கழித்தவள், கடைசியில் வாசனையே தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவர் மூக்கின் திறனை மொத்தமாக வாரிக்கொண்டு போயிருந்தது. அவர் பஸ் ஓட்டுகிறார். அவள் எதைத் தீய்த்து வைத்தாலும் சாப்பிடுகிறார். அந்தத் தெருவில் சண்டை போடாத தம்பதி அவர்கள் மட்டும்தான்.

முதல் பதினைந்து வருடம் லாண்டரியில் எல்லாம் சொந்தம். நாத்தனார் துவைத்தாள், கொழுந்தன் பிழிந்தான், சித்தி மகள் மடித்தாள், சித்தி மகளின் கொழுந்தன் ட்ராலி தள்ளினான். ஒருவர் தும்மினால் பத்துப் பேர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் ஒரே சோப்பு பிடிக்கும், ஒரே பாட்டு பிடிக்கும், ஒரே அழுக்கு கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பதினைந்து வருடத்தில் அங்கே நடந்த ஒரே மாற்றம், சிவப்பு வாளி உடைந்து நீல வாளி வந்தது. அதற்கும் மூன்று நாள் முணுமுணுத்தார்கள். மூக்கக்கா தன் வாழ்நாளின் பொற்காலம் என்று சொல்வது அதைத்தான்.

பிறகு ஊரின் விளிம்பில் ஒரு பெரிய கிடங்கு திறந்தது. சம்பளம் கூட. கொழுந்தன் போனான், அவன் நாத்தனாரை இழுத்தான், நாத்தனார் மிச்சப் பேரை இழுத்தாள். ஆறு மாதத்தில் குடும்பமே இடம் மாறிவிட்டது. மூக்கக்காவையும் கூப்பிட்டார்கள். அட்டைப்பெட்டியை மோந்து பார்க்க யாரும் சம்பளம் தர மாட்டார்கள் என்று இவள் போகவில்லை.

மேனேஜர் கிடைத்தவர்களையெல்லாம் வேலைக்கு எடுத்தார். பலர் வந்தார்கள், பலர் ஓடினார்கள். நிலைத்தவர்கள் மூன்று பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையிலிருந்து வந்தவர், தாய்மொழியும் வேறு வேறு. தமிழை மூவரும் லாண்டரித் தரையில்தான் கற்றார்கள். அதனால் திட்டுவதில் மூவருக்கும் நல்ல தேர்ச்சி.

மலைக்காரிக்கு முப்பது வயது இருக்கும். உடம்பெல்லாம் விறகுப் புகை வாசம், வாயில் எந்நேரமும் ஏதோ ஒரு பட்டையைப் போட்டு மெல்லுவாள். தலையணை உறையும் கால்மிதியும் ஒரே கூடையில் கிடந்தால் அவளுக்குக் குமட்டும். "தல வைக்கிறதும் கால் வைக்கிறதும் ஒன்னா கெடக்கு, மனுசங்க பண்ற வேலையா இது?" என்று கூடையையே கவிழ்த்துவிடுவாள். தீவுக்காரர் அறுபதை நெருங்கியவர், படகில் வளர்ந்தவர். மூக்கக்காவை அக்கா என்று கூப்பிடாமல் தங்கச்சி என்று கூப்பிடுவார். அதுவே அவளுக்குப் பாதி அருவருப்பு. துவைத்த ஈரத்துணி இயந்திரத்துக்குள் கால்மணி நேரம் கிடந்தால் போதும், "செத்துப்போச்சு, இனி இத எடுத்துப் போத்த முடியாது" என்று மறுபடி தண்ணீர் திறந்துவிடுவார். மூன்றாமவன் மணல்காட்டான், தண்ணீர் அரிதான இடத்திலிருந்து வந்தவன். அழுக்குத் துணியை அப்படியே தண்ணீரில் போடுவதைக் கண்டால் அவனுக்கு உடம்பு கூசும். வாசலில் நின்று ஒவ்வொன்றையும் உதறி, பிரஷ்ஷால் சுரண்டி, உலர்ந்த கசடெல்லாம் போன பிறகுதான் உள்ளே விடுவான். "தண்ணிய அசிங்கப்படுத்தறீங்க மேடம்" என்பான், ஏதோ தண்ணீர் அவன் கூடப் பிறந்தவள் மாதிரி.

இவர்கள் மூவரையும் மூக்கக்காவுக்குப் பிடிக்கவில்லை. கண்ணில் பட்டபோதெல்லாம் அதட்டி, பழைய முறையிலேயே செய்ய வைத்தாள். இவர்களுக்கும் ஒருவரையொருவர் பிடிக்கவில்லை. மலைக்காரியின் பட்டை தீவுக்காரருக்கு ஆகாது, தீவுக்காரரின் மீசை எண்ணெய் மணல்காட்டானுக்கு ஆகாது, மணல்காட்டான் உதறும் தூசி எவருக்குமே ஆகாது. மூக்கக்கா மாதம் தவறாமல் மேனேஜருக்கு ஒரு புகார் எழுதினாள். எழுத்து நன்றாக இருக்கும். 'இவர்களோடு ஒரே அறையில் மூச்சு விட முடியவில்லை' என்று ஒரு கடிதத்தில் இரண்டு முறை எழுதியிருந்தாள்.

அவளுடைய இருபத்திரண்டாவது வருடத்தில்தான் நாற்றம் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது: விரிப்பை விரிக்கும்போது ஒன்றும் இல்லை, நோயாளி படுத்து அரைமணி ஆனதும் புளித்த நெடி கிளம்புகிறது. இரண்டு மாதம் அவகாசம், அதற்குள் சரியாகாவிட்டால் துணி வேறிடம் போகும். மேனேஜர் சோப்பை மாற்றினார். பிறகு வாசனைத் திரவியம் தெளிக்கச் சொன்னார். நாற்றத்தின் மேல் மல்லிகையைப் பூசினால் இரண்டும் கைகோத்துக்கொண்டு வரும் என்பது மூக்குள்ளவர்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை.

"அக்கா, உங்க மேசையத் தாண்டித்தான போகுது?" என்றார் அவர். "உங்க மூக்குக்கு வயசாயிருச்சோ என்னவோ. இப்பல்லாம் மோப்பம் பிடிக்கிற மெஷினே வந்திருச்சாம்."

அன்று அவள் வீட்டில் சாப்பிடவில்லை. வாசனை தெரியாத புருசனிடம் மூக்கு போய்விட்டதோ என்று அழ முடியாது. "கண்ணாடி போட்டுக்கோயேன்" என்றார் அவர், ஆறுதலாக.

மறுநாள் மத்தியானம் அடுக்கறைக்குள் போனவள், மலைக்காரியைக் கையும் களவுமாகப் பிடித்தாள். துவைத்து மடித்த ஆஸ்பத்திரித் தலையணை உறையை ரவிக்கைக்குள் சொருகி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், என்னடி பண்ற? சீ, வெளிய எடு."

"சூடு பண்றேன்க்கா."

"கோழி மாதிரி அடைகாக்கறியா?"

"எங்க பக்கம் பச்சப்புள்ளைக்குத் துணி போடறதுக்கு முன்னாடி இப்படித்தான் வச்சுப் பாப்போம். குளுருல எல்லாத் துணியும் நல்லதாத்தான் இருக்கும். இந்தாங்க, இப்ப மோந்து பாருங்க."

மூக்கக்கா இரண்டு விரலால் வாங்கி மோந்தாள். புளித்த நெடி சுளீரென்று ஏறியது.

"இது உன் கக்கத்து வாசன."

"அப்ப உங்க கக்கத்துல வச்சுப் பாருங்க."

மூக்கக்கா வேறொரு உறையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். தினம் இரண்டு வேளை குளிப்பவள், இருபத்திரண்டு வருடமாகப் பிறர் துணியையே மோந்தவள், கையை இறுக்கிக்கொண்டு பத்து நிமிடம் நின்றாள். எடுத்து மோந்தபோது அதே நெடி, இம்மி பிசகாமல் அதே நெடி. இருபத்திரண்டு வருடமும் அவள் ஆறிய துணியைத்தான் மோந்திருக்கிறாள்.

வெளியே வந்து மூவரையும் கூப்பிட்டு, "ஏன் நாறுது?" என்று கேட்டாள். அவர்களை அவள் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் உத்தரவுகள் மட்டும்தான்.

மூவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தலையும் காலும் ஒன்றாக வெந்தால் நாறாமல் என்ன செய்யும் என்றாள் ஒருத்தி. செத்த துணியை உலர்த்தினால் பிணம்தானே மணக்கும் என்றார் ஒருவர். கசடைத் தண்ணீரில் கரைத்து அதே தண்ணீரில் துவைக்கிறீர்கள் என்றான் மூன்றாமவன். ஆளுக்கொரு மூட்டையைத் தந்து, "உங்க இஷ்டப்படியே துவைச்சுக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றாள், தோற்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில். அவள் எண்ணம் பலித்தது. மூன்று மூட்டையிலும் நெடி குறைந்திருந்தது, போகவில்லை. மூவரும் தோற்றதில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

நாலாவது மூட்டைதான் வினை. அதை மணல்காட்டான் உதறித் தராவிட்டால் மலைக்காரி தொடமாட்டேன் என்றாள். கையில் தூசி ஒட்டுகிறதாம். மலைக்காரி தலை, உடம்பு, கால் என்று பிரிக்காததைத் தீவுக்காரர் இயந்திரத்தில் போட மறுத்தார். அவளிடம் ஏச்சு வாங்க அவரால் ஆகாது. போட்ட பிறகு மூடியில் கை வைத்துக்கொண்டே காத்திருந்து, இயந்திரம் நின்ற நொடியில் துணியை வாரி வெளியே எடுத்தார். அன்பினால் எவரும் எதுவும் செய்யவில்லை. ஆளுக்கு ஆள் முகம் சுளித்துச் சுளித்து, அந்த மூட்டை மூன்று சுளிப்புகளையும் தாண்டி வெளியே வந்தது. மூக்கக்கா அதைக் கக்கத்தில் வைத்து எடுத்தாள். வெந்நீர் வாசம் மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சண்டை ஓயவில்லை, பலனும் ஓயவில்லை. ஒருநாள் மணல்காட்டான் ட்ராலியைக் காட்டி, "அழுக்கு வந்த வண்டியிலயே சுத்தமும் போகுதே, இத யாரும் பாக்கலையா மேடம்?" என்றான். இருபத்திரண்டு வருடமாக யாரும் பார்க்கவில்லை. சொந்தக்காரர்கள் பத்துப் பேரும் அந்த ட்ராலியைத்தான் தள்ளியிருக்கிறார்கள், பாட்டுப் பாடிக்கொண்டே.

ஆஸ்பத்திரி நன்றிக் கடிதம் அனுப்பியது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார், போட்டோக்காரரோடு. சுவரில் பெரிய பதாகை: 'பன்மையே புதுமை'. அதன் கீழே நால்வரையும் கைகோத்து நிற்கச் சொன்னார்கள். தீவுக்காரர் மலைக்காரியின் விரல் நுனியை, சூடான கரண்டியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்.

"உங்க பண்பாட்டப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க ஐயா" என்றார் அந்த அம்மாள்.

"ஈரத்துணிய குமிச்சு வச்சா எங்க அம்மா வெளக்குமாத்தால அடிப்பா."

அம்மாள் 'தலைமுறை தலைமுறையான அறிவு' என்று குறித்துக்கொண்டார். படத்தின் அடியில் 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று போட்டார்கள். மூக்கக்கா குடும்பத்தோடு வேலை பார்த்தவள். குடும்பம் எதையும் கண்டுபிடித்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். படம் எடுத்து முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் மற்ற மூவரும் குழாய்க்கு வரிசையில் நின்றிருந்தார்கள்.

அடுத்த மாதம் மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பளபளக்கும் அட்டை ஒன்று இருந்தது. உதறு, பிரி, துவை, உடனே எடு, வண்டி மாற்று, சூடாக்கி முகர் என்று எல்லாம் எண் போட்டு அச்சாகியிருந்தது.

"முறை இப்ப நம்ம கைக்கு வந்திருச்சுக்கா. இனி யார் வேணா செய்யலாம். ஒரு ஏஜென்சியில பேசிட்டேன். எல்லாரும் ஒரே ஊரு, ஒரே பேச்சு. சொன்னா சொன்னபடி."

"அப்ப அந்த மூணு பேரு?"

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு கட்டை எடுத்து வைத்தார். அவள் கடிதங்கள். "இவங்களோட மூச்சு விட முடியலன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? இதவிட வேற காரணம் வேணுமா? இந்த அட்டை போதும்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கடைசி மேசை ரிட்டயர் ஆகற வரைக்கும் உங்களுக்குத்தான். மெஷின் கிஷின் எதுவும் வராது."

தன் அழகான கையெழுத்தைத் தானே படிப்பதைப்போல அருவருப்பு வேறில்லை. அட்டை போதாது என்பது அவளுக்குத் தெரியும். அட்டையில் சண்டைக்கு எண் போடவில்லை. ஆனாலும் மேசை அவளுடையது. கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் வாசலில் மலைக்காரி நின்றிருந்தாள். "கையெழுத்து உங்களதாமே?"

"ஆமா."

அவள் மென்றுகொண்டிருந்ததைத் தரையில் துப்பிவிட்டு நடந்தாள். மற்ற இருவரும் அவள் பின்னாலேயே நடந்தார்கள்.

புது ஆட்கள் எட்டுப் பேர். பணிவானவர்கள், மணமில்லாதவர்கள், எதற்கும் "சரிக்கா" என்பவர்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு நாத்தனாரும் கொழுந்தனும் திரும்பி வந்ததுபோல இருந்தது. அட்டையில் இருந்ததை அட்டையில் இருந்தபடியே செய்தார்கள். மூன்று வாரம் அவள் சுகமாக மூச்சு விட்டாள்.

அப்போது ஆஸ்பத்திரி ஒரு புது விரிப்பை வாங்கியது. மேலே மெத்தென்ற துணி, அடியில் ரப்பர், விளிம்பைச் சுற்றித் தையல். "இத எப்படிப் பண்றது?" என்று அவள் கேட்டதற்கு, "அட்டையில இல்லக்கா, பெட்ஷீட் மாதிரியே பண்ணிட்டோம்" என்றார்கள் எட்டுப் பேரும். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவளும் கக்கத்தில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாளில் ஒரு ட்ராலி முழுதாகத் திரும்பி வந்தது. "வழியில ஏதோ ஆயிருச்சுன்னு எழுதிருவோம்க்கா" என்றார் மேனேஜர். அவள் ஒரு விரிப்பைப் பையில் சுருட்டிக்கொண்டு, புருசனின் பஸ்ஸிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வார்டு சிஸ்டர் அவளை உட்காரச் சொல்லவில்லை. "வயசான ஒருத்தருக்கு முதுகுத் தோலே உரிஞ்சுபோச்சு. நீங்கதான மோந்து பாத்துக் கையெழுத்துப் போடறவங்க?"

"ஆமாங்க. என் மூக்குக்கு இது தெரியல. தெரிஞ்சவங்க மூணு பேரு இருந்தாங்க. அனுப்பிட்டோம். அதுக்கும் நான்தான் கையெழுத்து."

சிஸ்டர் அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "திங்கட்கிழம வரைக்கும் டைம். என்னன்னு கண்டுபிடிச்சுச் சரி பண்ணலன்னா எல்லாத் துணியும் வேற எடத்துக்குப் போயிரும்."

மூவரும் மீன் பொதியும் கொட்டகையில் வேலை பார்ப்பதாக லாண்டரி வண்டியின் பழைய டிரைவர் சொன்னார். ஒருவரையொருவர் சகிக்காதவர்கள் ஒன்றாகவே வேலை தேடிப் போயிருக்கிறார்கள். கொட்டகை வாசலுக்கே மீன் நாற்றம் வந்து நின்றது. முந்தானையால் மூக்கைப் பொத்தப் போனவள், மூவரும் பார்ப்பதைக் கண்டு கையை இறக்கிக்கொண்டாள்.

மலைக்காரி விரிப்பைக் கழுத்தில் சுற்றிச் சூடேற்றி மோந்தாள். உதட்டைப் பிதுக்கினாள். மணல்காட்டான் உதறினான், ஒன்றும் விழவில்லை. தீவுக்காரர் தொடவே இல்லை. தூரத்திலிருந்து பார்த்ததுமே அவர் முகம் கோணியது.

"ரெண்டு தோல் வச்ச சாமானா? சீ. படகுல போடற எங்க ரப்பர் கோட்டுக்கு இப்படித்தான் உள்ளுக்குள்ள நோவு வரும். கத்தியக் கொண்டா."

மீன் வெட்டும் கத்தியால் விளிம்புத் தையலைக் கீறினார். துணிக்கும் ரப்பருக்கும் நடுவே கறுப்பாக, வழவழவென்று ஒன்று பிசுபிசுத்து வெளியே வந்தது. மீன் கொட்டகையின் நாற்றத்தையே அது பின்னுக்குத் தள்ளியது. அவ்வளவு நாள் கிழவர் ஒருவரின் முதுகு அதன் மேல் கிடந்திருக்கிறது.

"தையலப் பிரிச்சு, துணியும் ரப்பரும் ஒட்டாம விரிச்சுத் தொங்க விடணும் தங்கச்சி. காஞ்சதும் ஓரத்தத் தண்ணி போகாம ஒட்டச் சொல்லு. உருளையில விட்டா உள்ள வெந்து இன்னும் அழுகும்."

"நீங்க மூணு பேரும் திரும்பி வரணும்" என்றாள் மூக்கக்கா.

"வரோம்" என்றாள் மலைக்காரி, கையிலிருந்த செதிலைத் துடைத்துக்கொண்டே. "கடைசி மேச எனக்கு."

"அது என் எடம்."

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"வேற எதாச்சும் கேளேன்."

"வேற எதுவும் உங்ககிட்ட இல்லக்கா."

மேனேஜரைச் சம்மதிக்க வைக்கக் கால்மணி நேரம்தான் ஆனது; திங்கட்கிழமை என்ற சொல்லுக்கு அவ்வளவு பலம். அவளைச் சம்மதிக்க வைக்கத்தான் சனி, ஞாயிறு இரண்டும் தேவைப்பட்டன. "போகட்டும் விடு, நின்னு வேல பாத்தா உடம்புக்கு நல்லது" என்றார் புருசன். அவள் அந்த இரண்டு நாளும் அவரோடு பேசவில்லை.

ஞாயிறு சாயங்காலம் விரிப்புகள் தையல் பிரிந்து, துணியும் ரப்பரும் ஒட்டாமல் கொடியில் தொங்கின. திங்கள் காலை மலைக்காரி கடைசி மேசைக்கு வந்து, முதல் காரியமாக நாற்காலியை ஈரத்துணியால் துடைத்தாள். மூக்கக்கா வாசலில், மூட்டை வந்து விழும் இடத்தில், கையுறையோடு நின்றாள். மணல்காட்டான் முதல் முடிச்சை அவிழ்த்தான். உள்ளிருந்து வந்த காற்று அவள் முகத்தில் அறைந்தது. இருபத்திரண்டு வருடமாகத் துவைத்து முடித்ததை மட்டுமே மோந்த மூக்கு. ஓரமாக ஓடிப் போய் வாந்தி எடுத்தாள்.

"எடுத்துட்டீங்களா மேடம்? இன்னும் நாப்பது மூட்ட இருக்கு. அப்படி இல்ல, காத்து பாத்து உதறணும். உங்க மேலயே வருது பாருங்க."

மத்தியானத்துக்குள் முப்பது மூட்டை உதறியிருந்தாள். அப்போது கடைசி மேசையிலிருந்து ஓர் அடுக்கு திரும்பி வந்தது. அவள் உதறி அனுப்பியது. விறுவிறுவென்று மேசைக்குப் போனாள்.

"இதுல என்ன குறை?"

"நாறுது."

அவள் ஒன்றை உருவி, கக்கத்தில் வைத்துச் சூடாக்கி, கண்ணை மூடி, நிதானமாக மோந்தாள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை மோந்தாள்.

"எனக்கு ஒன்னும் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாதுக்கா" என்றாள் மலைக்காரி, பட்டையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு. "மறுபடி போடுங்க."

மூக்கக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அடுக்கைத் தூக்கினாள். வழி நெடுக அவள் மேல் விறகுப் புகை வாசம் அடித்தது. இயந்திரத்தின் வாயில் அதைப் போட்டுவிட்டு, தீவுக்காரர் மூடியில் கை வைக்கும் வரை நின்றாள்.